டர்பன் விமான நிலையத்திலிருந்து ஷேரிங் ஷட்டில்: தம்பிக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம்

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது: "அண்ணா, ஜூன் மாதம் டர்பனில் பெரியம்மா பேத்தி கல்யாணம். 68 வயது அம்மா, நான், என் 5 வயது மகன் மூவரும் துபாய் வழியாக எமிரேட்ஸில் வருகிறோம். முதல் மூன்று நாள் பீச் பக்கம் ஹோட்டல், பிறகு சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீடு. தம்பி ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் தனியாக வருவான், உம்லாங்காவில் தங்குவான். ஷேரிங் ஷட்டில் என்று ஆன்லைனில் மலிவாகக் காட்டுகிறது. அதை நம்பிப் போகலாமா, டாக்சி எடுப்பதா? கல்யாண வீட்டுக்காரர்களைத் தொந்தரவு பண்ண விருப்பமில்லை."

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். தம்பிக்கு ஷேரிங் ஷட்டில் தாராளமாகப் போதும். உங்கள் மூவருக்கும் அது வேண்டாம், முழு வண்டியாகப் பேசிவிடுங்கள். பயந்து சொல்லவில்லை. ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் ஷட்டில் பத்திரமான பயணம்தான். உங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் கணக்கும் வழியும். இங்கே டர்பனில் கோயில் கும்பாபிஷேகங்களுக்கு ஊரிலிருந்து வரும் சிவாச்சாரியார்கள், ஸ்தபதிகள், மேளக்காரர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவருகிற வேலை பல வருஷமாக என் தலையில் விழுந்திருக்கிறது. ஷேரிங், தனி வண்டி, ஆப் வண்டி எல்லாவற்றையும் அந்தச் சாக்கில் பார்த்தாகிவிட்டது.

டர்பன் வரைபடத்தை ஒரு நிமிஷம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், லா மெர்சியில் இருக்கிறது. 2010 மே 1-ஆம் தேதி, உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது திறந்தார்கள். அதுவரை இருந்த பழைய விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, ஐசிபிங்கோவை ஒட்டி. சாட்ஸ்வொர்த், மியர்பேங்க், ஐசிபிங்கோவில் குடியிருந்த நம்மவர்களுக்கு அது கூப்பிடு தூரம். விமானம் இறங்கிவிட்டது என்று போன் வந்த பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாலும் போதும். ஒரே நாளில் அது தலைகீழானது. இன்றைக்கு டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பக்கத்து ஆட்களுக்குத்தான் விமான நிலையம் பக்கம். சாட்ஸ்வொர்த்திலிருந்து போனால் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே இருக்கும் பெரியவர்களில் சிலர் இந்தக் குறையை இன்னும் சொல்லித் தீர்த்தபாடில்லை.

ரயில் கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பதுபோல விமான நிலையத்துக்குள்ளேயே வந்து நிற்கும் ரயில் டர்பனில் இல்லாததால், ஷட்டில், டாக்சி, ஆப் வண்டி, வாடகைக் கார், சொந்தக்காரர் கார் என்ற ஐந்துக்குள்தான் தேர்வு. உங்களுக்கு வாடகைக் கார் தேவைப்படாது, அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது ஷேரிங் ஷட்டில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே நேரத்தை ஒட்டி இறங்கும் இரண்டு மூன்று விமானங்களின் ஆட்களைச் சேர்த்து ஒரு வண்டி நிரப்புவார்கள். பெரும்பாலும் டொயோட்டா குவாண்டம் வேன், பின்னால் பெட்டிகளுக்கு ஒரு டிரெய்லர். வண்டி நிரம்பும்வரை அல்லது குறித்த நேரம்வரை காத்திருப்பு. பிறகு என்-2 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கும். வழியில் முதலில் வருவது உம்லாங்கா. விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. கேட்வே மால் பக்கம் உள்ள ஹோட்டல்களில் ஓரிருவர், கடற்கரைப் பக்கம் உள்ள ஹோட்டல்களில் ஓரிருவர் இறங்குவார்கள். பிறகு டர்பன் பீச், அதிலும் வடக்குக் கடற்கரை முதலில், தெற்குக் கடற்கரையும் உஷாகா கடல் பூங்காவும் பிறகு. அதற்கப்புறம் மஸ்கிரேவ், பெரியா மேட்டுப் பகுதி. அதற்கும் தெற்கே போகிறவர் இருந்தால் அவர் கடைசி.

திரும்பும்போது இதே வரிசை அப்படியே தலைகீழ். தெற்கே இருப்பவரை முதலில் ஏற்றுவார்கள், உம்லாங்கா ஆளைக் கடைசியில் ஏற்றுவார்கள். யாருக்கு லாபம் என்று புரிந்திருக்கும். உம்லாங்காவில் தங்குகிறவர் வரும்போது முதலில் இறங்குகிறார், போகும்போது கடைசியில் ஏறுகிறார். தெற்கே தங்குகிறவர் இரண்டு பக்கமும் ஊர்வலம் வருகிறார். இருவரிடமும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஷேரிங் மலிவா இல்லையா என்று பார்ப்பவர்கள் திரையில் தெரியும் விலையைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் படுக்கை அந்த வரிசையில் எத்தனையாவது நிறுத்தம் என்பதைப் பார்க்க வேண்டும். தம்பிக்குச் சரி என்று நான் சொன்னது இதனால்தான். தனி ஆள், ஒரு பெட்டி, முதல் நிறுத்தம்.

அடுத்தது தலைக்கணக்கு. ஷேரிங் கட்டணம் ஆளுக்கு. தனி வண்டிக் கட்டணம் வண்டிக்கு. உதாரணத்துக்கு, இன்றைய விலை என்று எடுத்துக்கொள்ளாமல், ஷேரிங் ஆளுக்கு 250 ராண்ட், தனி வண்டி 700 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 450 ராண்ட் மிச்சம். இருவர் என்றால் 200 ராண்ட்தான் மிச்சம். மூன்று பேருக்கு ஷேரிங் 750, தனி வண்டியைவிட 50 அதிகம். குழந்தைக்கு அரைக் கட்டணமா முழுக் கட்டணமா என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்கும் உண்மை விலைகளைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருவர் வரை யோசிக்கலாம். மூவர் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை என்பதுதான் பெரும்பாலும் வரும் விடை.

பெட்டி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கல்யாணத்துக்கு வருகிறீர்கள். ஷேரிங் ஷட்டிலில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பை என்பது பொதுவான அளவு. சில இடங்களில் அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. எமிரேட்ஸில் எடுத்துவர அனுமதி இருக்கிறது என்று இரண்டு இரண்டு பெட்டியாகக் கட்டி, கூடவே கல்யாண வீட்டுக்கு முறுக்கு டின், பட்டுப்புடவை அட்டைப்பெட்டி என்று நீங்கள் இறங்கினால், டிரெய்லரில் மற்றவர்கள் இடத்தையும் சேர்த்துத்தான் பிடிப்பீர்கள். ஒருமுறை கும்பாபிஷேகத்துக்கு வந்த மேளக் குழுவை, ஏற்பாடு செய்தவர்கள் செலவு குறையட்டும் என்று ஷேரிங்கில் போட்டுவிட்டார்கள். இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரப் பெட்டி. தவிலை டிரெய்லரில் மற்ற பெட்டிகளுக்கு அடியில் போட வித்வான் சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது நியாயம், தோல் கிழிந்தால் இந்த ஊரில் யார் கட்டித் தருவார்? கடைசியில் தவில் இரண்டும் ஆளுக்கு ஒரு இருக்கையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வந்தன. அந்த இரண்டு இருக்கைக்கும் முழுக் கட்டணம். தனி வண்டியே எடுத்திருக்கலாம்.

டிரெய்லரில் பெட்டியை ஏற்றினால் பூட்டு போட்டார்களா என்று நின்று பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். சின்னத் தொங்கு பூட்டு ஒன்று மாட்டுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் திறந்து மூடும்போது உங்கள் பெட்டி தவறி வேறொருவரோடு இறங்கிவிட வாய்ப்பு உண்டு, எல்லாமே கறுப்புப் பெட்டிதானே. கைப்பிடியில் மஞ்சள் துணி ஒன்று கட்டிவிட்டால் போதும். பாஸ்போர்ட், நகை, மருந்து மூன்றும் மடியில். கல்யாண நகையை டிரெய்லரில் போடுகிற பேச்சே வேண்டாம்.

நீங்கள் வருவது ஜூன். தென்னாப்பிரிக்காவில் அது குளிர்காலம். டர்பனில் குளிர் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் சாயங்காலம் 5 மணியை ஒட்டிச் சூரியன் போய்விடும். துபாயிலிருந்து வரும் எமிரேட்ஸ் விமானம் டர்பனில் மாலை நேரத்தில்தான் இறங்குகிறது. குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து நீங்கள் வெளியே வரும்போது இருட்டியிருக்கும், உம்லாங்காவைச் சுற்றி ஆபீஸ் விட்ட நெரிசலும் சேர்ந்திருக்கும். இப்போதெல்லாம் பெரிய ஆபீஸ்கள் பல நகரத்தை விட்டு உம்லாங்கா மேட்டுக்கு வந்துவிட்டன. அந்த நேரத்தில் உம்லாங்காவுக்குள் புகுந்து, நான்கு ஹோட்டல் வாசலில் நின்று, ஒவ்வொரு ரோபோவிலும் காத்துக் கிடந்து, பிறகு பீச் வருவது என்றால், தனி வண்டியில் முக்கால் மணியில் முடிவது ஷேரிங்கில் இரண்டு மணி நேரத்தைத் தொடலாம். ரோபோ என்றால் பயப்படாதீர்கள், டிராஃபிக் சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இந்தியாவைவிட இங்கே மூன்றரை மணி நேரம் பின்னால். இரவு 7 மணிக்கு ஹோட்டல் சேர்ந்தால் உங்கள் மகனின் உடம்புக்கு அது இரவு பத்தரை. அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைச் சில நூறு ராண்டுக்காக வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

குழந்தை இருக்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்று 2015 மே முதல் இங்கே விதி. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், சட்டப்படி பிரச்சினை இல்லை. ஆனால் என்-2 வேகச் சாலை. கார்களுக்கு 120, ஆள் ஏற்றும் மினிபஸ்களுக்கு 100 என்பது எல்லை. தனி வண்டி பேசும்போது ஐந்து வயதுக்கு உயர்த்தி உட்காரும் பூஸ்டர் வேண்டும் என்று முன்னாடியே சொல்லுங்கள், பலர் வைத்திருப்பார்கள். ஷேரிங் வண்டியில் அதைக் கேட்டுப் பெறுவது கடினம். எதுவாக இருந்தாலும் பையனை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், தனி இருக்கை, தனி பெல்ட்.

புக் பண்ணும்போது ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. 'ஷட்டில்' என்று எழுதியிருந்தாலே அது ஷேரிங் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் முன்கூட்டிப் பேசிய தனி வண்டியையும் ஷட்டில் என்றுதான் விளம்பரம் செய்வார்கள். அதேபோல 'டாக்சி' என்று இங்கே சாதாரணமாகச் சொன்னால், நிறைய பேரை ஏற்றிக்கொண்டு பாட்டு முழங்கப் போகும் வெள்ளை மினிபஸ். வேலைக்குப் போகும் மக்களில் பெரும்பங்கு அதில்தான் போகிறார்கள், கையால் சைகை காட்டி நிறுத்துவார்கள், காசு முன்வரிசைக்குக் கைமாறிக்கொண்டே போகும். ஊர் தெரிந்தவர்களுக்கு அருமையான வண்டி. பெட்டியோடும் அம்மாவோடும் முதல் நாள் ஏறுவதற்கு அல்ல. உங்களுக்கு வேண்டிய டாக்சிக்கு மீட்டர் டாக்சி என்று சொல்ல வேண்டும்.

எனவே தம்பிக்காக எழுதிக் கேட்கும்போது, ஷேரிங்கா தனியா, விமானம் தரை இறங்கியதிலிருந்து அதிகபட்சம் எத்தனை நிமிஷம் காத்திருக்க வைப்பார்கள், அவனுக்கு முன்னால் எத்தனை நிறுத்தம், ஹோட்டல் வாசல்வரையா அல்லது குறிப்பிட்ட நிறுத்தம்வரையா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைக்கட்டும். விமானம் தாமதமானால் அடுத்த வண்டியில் இடம் உண்டா என்பதுதான் இவற்றில் முக்கியமான கேள்வி. விமான எண்ணைக் கேட்காமல் நேரத்தை மட்டும் கேட்கிற நிறுவனத்தை நான் நம்புவதில்லை. எண் இருந்தால்தான் தாமதத்தை அவர்களே பார்த்துக்கொள்ள முடியும். வண்டிக்கு ஆள் ஏற்றும் உரிமம், டிரைவருக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி இரண்டும் இங்கே கட்டாயம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் புக் பண்ண வேண்டாம்.

முகவரி எழுதுவதில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. 2008-ஐ ஒட்டி டர்பன் தெருப் பெயர்களை ஏராளமாக மாற்றினார்கள். பெரியம்மா வீட்டில் கிரே ஸ்ட்ரீட் என்பார்கள், வரைபடத்தில் டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட் இருக்கும். வெஸ்ட் ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட். பாயின்ட் ரோடு இப்போது மகாத்மா காந்தி ரோடு. பீச் ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் மெரின் பரேடின் பெயர் இப்போது ஓ.ஆர். டாம்போ பரேட். உங்கள் ஹோட்டலும் அநேகமாக அதில்தான் இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தின் பெயரும் ஓ.ஆர். டாம்போ. புக்கிங் படிவத்தில் 'ஓ.ஆர். டாம்போ' என்று தட்டியதும் அது தானாகவே ஜோகன்னஸ்பர்க்கைப் போட்டுக்கொண்டு, 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வண்டியை நிறுத்திய கதை எனக்குத் தெரியும். ஹோட்டல் பெயர், டர்பன் என்ற ஊர், கிங் ஷாகா என்ற விமான நிலையப் பெயர் மூன்றும் உறுதிச் செய்தியில் சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் முகவரிக்கு இன்னும் கவனம் வேண்டும். 1960-களில் நிறவெறி ஆட்சியின் குழு வாழிடச் சட்டத்தின் பேரில் நகரத்திலிருந்து இந்தியர்களைப் பெயர்த்துக் குடியமர்த்திய இடம் அது. யூனிட் யூனிட்டாகப் பிரித்து, தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள். பல தெருக்களுக்குப் பின்னால் பெயர் வந்தாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் எண்தான். யூனிட், தெருவின் இன்றைய பெயர், வீட்டு எண், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளி, கூடவே பெரியம்மா வீட்டு ஆளின் போன் எண் எல்லாம் டிரைவருக்குப் போகட்டும். வாட்ஸ்அப்பில் இடக்குறி அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

இறங்கிய பிறகு என்ன செய்வது? கிங் ஷாகாவில் ஒரே முனையம்தான், தொலைய வழியில்லை. முன்பதிவு செய்த டிரைவர் வருகைக் கூடத்தில் பெயர்ப் பலகையோடு நிற்பார். விமான நிலைய வைஃபை இலவசம், அதில் வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளலாம். பலகையில் உங்கள் பெயர் எழுதியிருப்பதாலேயே கிளம்பிவிடாதீர்கள். எந்த ஹோட்டல் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லித் தராதீர்கள். கூடத்தில் "டாக்சி, மேடம்?" என்று பின்னாலேயே வருகிறவர்களுக்கு ஒரு புன்னகை போதும், நிற்க வேண்டாம். விமான நிலையத்தில் எல்லோரும் பார்க்கக் கட்டுக்கட்டாகப் பணம் மாற்றாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியவர்களை வண்டியில் பின்தொடர்ந்து போய்க் கொள்ளையடித்த சம்பவங்கள் பலமுறை செய்தியில் வந்தவை. தேவையான அளவு ராண்டை ஏ.டி.எம்.மில் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நகருங்கள். ஷட்டில் கட்டணத்தை முன்பே கார்டில் கட்டிவிடுவது எல்லாவற்றையும்விட வசதி.

உபர், போல்ட் இரண்டும் டர்பனில் ஓடுகின்றன. விலையில் பல நேரம் இவைதான் குறைவு. ஆனால் விமான நிலையத்தில் மீட்டர் டாக்சிக்காரர்களுக்கும் ஆப் வண்டிக்காரர்களுக்கும் நெடுநாள் உரசல் உண்டு, அதனால் சில டிரைவர்கள் வாசலுக்கு வராமல், வேறு தளத்துக்கோ கார் நிறுத்தத்துக்கோ நடந்து வரச் சொல்வார்கள். தனி ஆள் நடக்கலாம். அம்மாவையும் பெட்டி வண்டியையும் பையனையும் தள்ளிக்கொண்டு நீங்கள் நடப்பதை நான் விரும்ப மாட்டேன். வருகிற காரும் பெரும்பாலும் சின்ன சுசுகி, நான்கு பெரிய பெட்டி ஏறாது. 2025 செப்டம்பரில் வந்த புதிய விதிகளின்படி ஆப் வண்டிகளுக்கும் உரிமம், வெளியே அடையாளக் குறி, உள்ளே அவசரப் பொத்தான் எல்லாம் வேண்டும். நீங்கள் வந்து நான்காம் நாள் ஹோட்டலிலிருந்து சாட்ஸ்வொர்த் போக ஆப் வண்டி சரியான தேர்வு. பட்டப்பகலில், ஹோட்டல் வாசலில், வரவேற்பு மேசைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க ஏறலாம். பெட்டி அதிகம் என்றால் பெரிய வண்டி வகையைத் தட்டுங்கள்.

ஊருக்குத் திரும்பும் பயணத்தில்தான் ஷேரிங் உங்களுக்கு முற்றிலும் உதவாது. சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பும் தனி வண்டி ஹிகின்சன் நெடுஞ்சாலை வழியாக என்-2 பிடித்து, நகரத்துக்குள் நுழையாமலே வடக்கே போய்விடும். பீச் கிழக்கே ஒதுங்கி இருக்கிறது, அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. ஷேரிங் வண்டி என்றால் உங்களை ஏற்றிக்கொண்டு பீச்சுக்குள் புகுந்து, அங்கே ஆள் ஏற்றி, உம்லாங்காவுக்குள் புகுந்து, அங்கேயும் ஏற்றிப் பிறகுதான் போகும். நகரத்தை மட்டும் சுற்றும் பல ஷட்டில்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வருவதும் இல்லை.

மாலை 6.45-க்கு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னால், அதாவது 5.45-க்கு, கவுன்டரை மூடிவிடுவார்கள். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்ற கணக்கில் 3.45-க்கு அங்கே இருக்க வேண்டும். தனி வண்டிக்கு ஒரு மணி நேரம், என்-2-வும் என்-3-யும் குறுக்கிடும் பெரிய சந்திப்பில் வேலை நடந்தாலோ லாரி கவிழ்ந்தாலோ அதற்கு இன்னொரு முக்கால் மணி. 2 மணிக்கு வண்டி வாசலில் நிற்கட்டும். ஷேரிங்கில் இதே பயணத்துக்கு 12.30-க்கு ஏற்றுவோம் என்றுகூடச் சொல்வார்கள், அதிலும் உங்களுக்குப் பின்னால் ஏறும் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தால் அந்த நேரமும் உங்கள் கணக்கில்தான். கல்யாண வீட்டில் கடைசி நாள் மதியச் சாப்பாடு போச்சு.

தம்பி ஷேரிங்கில் திரும்புவதாக இருந்தால் ஒரே ஒரு யோசனை. அவன் உம்லாங்காவில் கடைசியாக ஏறுகிறவன். அவனுக்கு முன்னால் ஏற வேண்டியவர்களின் தாமதம் எல்லாம் சேர்ந்து அவன் வாசலுக்கு வரும். நிறுவனம் சொல்லும் வண்டிக்கு ஒன்று முந்தைய வண்டியில் இடம் கேட்கட்டும். அங்கிருந்து விமான நிலையம் நெரிசல் இல்லாவிட்டால் இருபது இருபத்தைந்து நிமிஷம்தான் என்பதால், வண்டி வராமலே போனாலும் ஆப் வண்டி பிடித்துத் தப்பிக்க நேரம் இருக்கும்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பும்போது டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பார்க்கச் சொல்லுங்கள். டர்பனுக்கு ஓ.ஆர். டாம்போவிலிருந்தும் விமானம் உண்டு, லான்சீரியாவிலிருந்தும் உண்டு. ஓ.ஆர். டாம்போ என்றால் ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதியிலிருந்து காவ்ட்ரெயின் என்ற ரயில் கால் மணி நேரத்தில் கொண்டுபோய் முனையத்தில் விட்டுவிடும். அது 2010 ஜூன் 8-இல் தொடங்கியது, அந்த ஊரில் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் ஒரே பொதுப் போக்குவரத்து. கார்டு வாங்கக்கூட வேண்டாம், தட்டிப் பணம் கட்டும் வங்கிக் கார்டே வாசலில் வேலை செய்யும். லான்சீரியாவுக்கு அந்த ரயில் இல்லை, அங்கே வண்டிதான்.

ஈஸ்டருக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ வருகிறவர்கள் இதைப் படித்தால், மேலே சொன்ன நேரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கே கிளம்பி டர்பன் கடற்கரைக்கு வந்துவிடும். ஈஸ்டரில் ஐசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டமும் சேர்ந்தால் தெற்கு டர்பன் சாலைகள் நகராது. டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பக்கம் தங்குகிறவர்கள் நகர ஷட்டிலை எடுக்கவே கூடாது. டோங்காட் விமான நிலையத்துக்கு வடக்கே, அந்தப் பக்கமே அது வராது; வெருலம், ஃபீனிக்ஸ் ஆட்களை ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் நகரத்தில் இறக்கிவிடும், திரும்பி வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். டோங்காட்டில் வீடு என்றால் விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது.

டிரைவருக்கு டிப்ஸ் தருவது வழக்கம், பத்து சதவீதம் போதும். பெட்டி தூக்கி வைத்தால் கூட இருபது ராண்ட். உங்கள் டிரைவர் நாயுடுவாகவோ மூட்லியாகவோ (நம் முதலியார்தான்) பிள்ளையாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "வணக்கம் ஆன்ட்டி" என்பதைத் தாண்டித் தமிழ் வராது பெரும்பாலானவர்களுக்கு, ஆனால் அம்மாவிடம் எந்த ஊர், எந்தக் கோயில் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

கடைசியாக, சொந்தக்காரர்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்கிறீர்கள். நல்ல எண்ணம். ஆனால் நீங்கள் வரும் விமானத்தின் நேரத்தைப் பெரியம்மாவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னதும் "வண்டியெல்லாம் எதுக்கு, நாங்களே வந்துடறோம்" என்று கிளம்பிவிடும் ஊர் இது, அதுவும் கல்யாண நேரத்தில் இரண்டு கார் நிறைய வருவார்கள். அதனால் தனி வண்டி புக் பண்ணும்போது, 24 மணி நேரம் முன்னால் சொன்னால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துப் புக் பண்ணுங்கள்.